கோதையாற்றின் வழியே

இராத்திரி மழை பெய்துவிட்டால் பேச்சிப்பாறையில் மறுநாள் பால்வெட்டு கிடையாது. பட்டை நனைந்திருக்கையில் கத்தி வைத்தால் ரப்பர்ப் பால் சிரட்டைக்கு வராமல் மரமெங்கும் பரவி ஒழுகி வீணாகிவிடும் என்பதால், அப்படிப்பட்ட காலை வேளைகளில் தோட்டத்து லயன்களில் குடியிருந்தவர்கள் வேலையின்றி இறங்கி வந்து, என் தகப்பனாரின் மலஞ்சரக்குக் கடைத் திண்ணையில் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கடைக்குள்ளே அவர், சிறு விவசாயிகள் கொண்டுவரும் ரப்பர் ஷீட்டை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழியும் கறுப்புப் புள்ளியும் இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார். கோதையாற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பாகத்தை நான் கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையிலேதான்.

அணைக்கு மேலே ஆறு ஓடுகிற பகுதி எனக்கு அவ்வளவாகப் பரிச்சயமில்லை. அங்கே இரண்டு நீர்மின் நிலையங்கள் சேர்ந்து 100 மெகாவாட் மின்சாரம் ஆக்குகின்றன. அதற்கும் மேலே காடு. அவ்வளவே சொல்ல எனக்கு அதிகாரமுண்டு. என் ஆறு அணைக்கட்டிலிருந்து தொடங்குகிறது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897 முதல் 1906 வரை, மிஞ்சின் என்ற இஞ்சினீயரின் மேற்பார்வையில் எழும்பிய அணை அது. அந்த மனிதர் தாம் கட்டிய அணையின் அருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். அந்த வேலையில் நான் பெரிதாக மதிப்பது கல்லையும் சுண்ணாம்பையும் அல்ல. கோதையாற்றில் பெருகிய தண்ணீரை இடதுகரைக் கால்வாய் வழியே அண்டையிலுள்ள பரளியாற்றில் சேர்த்து, புத்தன் அணையிலிருந்து தோவாளைக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் பிரித்தனுப்பி, மழை குறைந்த நாஞ்சில் வயல்களை இருபூ விளையச் செய்த யோசனை இருக்கிறதே, அதையே மதிக்கிறேன். ஓர் ஆற்றின் செல்வம் இன்னோர் ஆற்றின் வழியே மூன்றாவது ஊரின் வயலுக்குப் போவதென்றால், நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் பரஸ்பரம் நம்பியாக வேண்டும்.

அந்த நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் வற்றிவிடக்கூடியது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1ல் நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, விளவங்கோடு தாலுகாவின் வயல்களுக்கு நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவதாக ஏற்பாடு இருந்தது, கால்வாயும் வெட்டப்பட்டது, தண்ணீரும் பல ஆண்டுகள் வந்தது. 2004ல் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்க, கால்வாயில் புல் முளைத்துக் கிடக்கிறது. ஒரே தேசத்து இரண்டு ராஜ்யங்களுக்கிடையே இதுவானால், இரண்டு தேசங்களுக்கிடையே எப்படியிருக்கும் என்பதை எனக்குக் கற்பித்தவர், என்னோடு நாலாம் வகுப்பில் படித்த ஒரு பையனின் பாட்டி.

அவர்கள் இலங்கையின் கண்டிச் சீமையிலிருந்து வந்தவர்கள். சர்க்கார் ரப்பர்த் தோட்டங்களில், அதாவது 1984ல் அரசு ரப்பர் கழகமாக ஆன அதே தோட்டங்களில், கோதையாறு, சிற்றாறு, மயிலாறு, கீரிப்பாறை என்று எங்கும் அவர்களுக்கு வேலையும் லயனில் ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். தாயகம் திரும்பியோர் என்பது காகிதத்தில் அவர்களுக்கு இருந்த பெயர். ஆனால் பாட்டி பிறந்தது கேகாலையில்; அவள் தாயார் பிறந்ததும் அங்கேதான். திரும்பி வந்தாள் என்றால், அவள் எங்கிருந்து போனாள் என்று நான் திண்ணையில் கேட்டபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியில், துணியில் சுற்றி, ஒரு பால்வெட்டுக் கத்தி இருந்தது. அவள் அதை எடுத்துக் காட்டியது இன்றும் என் கண்முன் நிற்கிறது: கைப்பிடி வியர்வையில் கறுத்திருந்தது, முனை கொக்கிபோல் வளைந்து, சாணை பிடித்துப் பிடித்து அரைப்பங்காய்த் தேய்ந்திருந்தது. வந்து சேர்ந்த மறுவாரம் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முன்பின் பார்த்திராத ஒரு தோட்டத்தில், யாரோ வெட்டி விட்டுப்போன பட்டைச் சரிவில் அந்தக் கத்தியை வைத்தாளாம். இடமேலிருந்து வலக்கீழாக அதே சாய்வு, அதே ஆழம், அதே கனத்தில் சீவல் உருண்டு விழுந்ததாம். “மரத்துக்கு நான் புதுசில்ல ஐயா, மனுசருக்குத்தான் புதுசு” என்றாள்.

அவள் சொன்னது சரித்திரப்படியும் உண்மை. 1876ல் பிரேசில் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை கப்பலேறி வந்து வேரூன்றியது இலங்கையின் ஹெனரத்கொடவில். அங்கிருந்தே ரப்பர் இந்தியாவுக்கும் வந்தது. இன்று எங்கள் பக்கத்துப் பால்வெட்டுக்காரர்கள் ‘நூத்தஞ்சு’ என்று செல்லமாய் அழைக்கும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105, கோட்டயத்து ஆராய்ச்சி நிலையம் உண்டாக்கிய நமது சொந்த இனம்தான். ஆயினும் அதன் தாய்மரம் ஜாவாவினுடையது, தந்தைமரம் மலாயாவினுடையது. 1981ல் ரப்பர் விளைவிக்கும் நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்கள் கூடி அமேசான் காட்டுக்கு ஒரு குழுவை அனுப்பி, கொண்டுவந்த வித்துக்களை மலேசியாவிலும் ஐவரி கோஸ்டிலும் வளர்த்துத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. ஏழை நாடுகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ள முடியாது என்று வாதிப்பவர்களைக் காணும்போதெல்லாம், எந்த ரப்பர்த் தோட்டத்திலாவது அரைமணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றும்.

மரங்களுக்குக் கிடைத்த இந்த மரியாதை மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. 1948ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் பாட்டியைப் போன்ற தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதென்றும், மிச்சமுள்ள ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. 1974ல் அந்த மிச்சமும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு மறுவருஷமே, 1975ல், இந்தியா, இலங்கை, வங்காளதேசம், லாவோஸ், தென் கொரியா ஆகிய ஐந்து நாடுகள் பாங்காக் உடன்படிக்கையின் மூலம் தங்கள் சரக்குகளுக்குப் பரஸ்பரம் சுங்கச் சலுகை வழங்கிக்கொண்டன. அந்த உடன்படிக்கையை நான் குறை கூறவில்லை. அது நல்ல காரியம். சரக்கு எளிதாகப் போய்வர வேண்டுமென்று கவலைப்பட்டவர்களுக்கு, அந்தச் சரக்கை உண்டாக்கிய கைகளும் அவ்வாறே போய்வர வேண்டுமென்பது ஏன் தோன்றவில்லை என்பதே என் ஆறாத துக்கம்.

முன்பு போக்குவரத்து இருக்கத்தான் செய்தது. 1914 முதல் சென்னையில் ரயிலேறியவன் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேர்ந்தான். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தமாகி இரண்டு மாதம் ஆகுமுன், 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. அப்புறம் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலில்தான் பாட்டி வந்தாள். உள்நாட்டுப் போர் மூண்டபின் அதுவும் நின்றது.

அந்தக் கப்பலைப் பற்றி அவள் வாய் திறந்தது ஒரே தடவை, அதுவும் எங்கள் அணைத் தண்ணீரின் நடுவே. நீர்த்தேக்கத்துக்கு அப்பால் காணிக்காரர்களின் மலைக்குடியிருப்புகள் உள்ளன. தோட்டமலை, தச்சமலை முதலிய ஊர்களுக்கு அந்நாளில் தோணியே கதி. பேரனுக்கு விடாத காய்ச்சல் கண்டபோது, அக்கரையில் ஒரு காணி வைத்தியர் பச்சிலை தருவார் என்று கேள்விப்பட்டு அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டவளுக்கு வழித்துணையாக என்னையும் ஏற்றிவிட்டார்கள். மாசி மாதம்; தண்ணீர் இறங்கி, முழுகிப்போன மரங்களின் மொட்டைத் தலைகள் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. தோணி ஒன்றில் இடித்து ஆடியதும் பாட்டி கண்ணை மூடிக்கொண்டாள். “பேடிக்காதீங்க பாட்டி, இங்க ஆழமில்ல” என்றார் துழாவுகிறவர். கண்ணைத் திறக்காமலேயே அவள் பேசினாள்: கப்பல் கிளம்பும்போது கரையில் நின்ற தன் தங்கச்சி கையசைக்கவில்லையாம்; முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாளாம். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்திக்கு இந்தியப் பிரஜாவுரிமை, மற்றவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. “அக்கரைக்குப் போற தோணி திரும்பி வருமில்ல, தம்பி?” என்று கேட்டாள். வரும் என்றார் அவர். பேரனுக்குக் காய்ச்சல் தணிந்ததும் தோணி திரும்பி வந்ததும் எனக்கு நினைவிருக்கின்றன. மறக்க முடியாதது அந்தக் கேள்வி.

அணைக்குக் கீழே ஆறு திற்பரப்பில் பாறைமேல் பரந்து விழுகிறது. அங்கே அருவி பார்க்க வருகிறவர்கள் அநேகர். நான் சொல்ல விரும்புவது சிவராத்திரியை. திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தில், திற்பரப்பு மூன்றாவது. காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, ஆற்றில் முழுகிய ஈரம் சொட்டச் சொட்ட, சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் “கோவிந்தா! கோபாலா!” என்று முழங்குவதைப் பாட்டி முதன்முதல் கேட்டபோது பிரமித்துப்போனாள். வழிநெடுக ஜனங்கள் பானகமும் கஞ்சியும் சுக்குநீரும் வைத்துக் காத்திருப்பது வழக்கம். மறுவருஷம் அவளும் திருநந்திக்கரைக்குப் போகும் பாதையோரத்தில் ஒரு பானையோடு உட்கார்ந்துவிட்டாள். சுக்கும் கருப்பட்டியும் இட்டதோடு நிற்காமல், தன் ஊர் வழக்கப்படி ஒரு பிடி தேயிலையும் போட்டிருந்தாள். “தேத்தண்ணி, தேத்தண்ணி” என்று கூப்பிட்டாள். முதலில் வந்தவர்கள் தயங்கினார்கள். விரதத்துக்கு ஆகுமா ஆகாதா என்று ஒரு சிறு சர்ச்சையே நடந்தது. பிறகு, கால் வீங்கி நொண்டி வந்த ஒரு முதியவர் யாரிடமும் கேட்காமல் இரண்டு கையையும் ஏந்தி வாங்கி, ஊதி ஊதிக் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் தா, மக்களே” என்றார். விடியுமுன் பானை காலி. நானும் பேரனும் மூன்று தடவை ஓடையில் தண்ணீர் மொண்டு வந்தோம். அடுத்தடுத்த வருஷங்களில் அந்தப் பாதையில் ஓடுகிறவர்கள் ‘தேத்தண்ணிப் பாட்டி எங்கே’ என்று தேடி வந்ததையும் கண்டிருக்கிறேன்.

ரப்பரின் விலையோ அப்படித் தயங்கித் தயங்கியேனும் நெருங்கி வந்ததில்லை. தகப்பனார் தினமும் கோட்டயம் விலை கேட்பார். கோட்டயம் பாங்காக்கையும் கோலாலம்பூரையும் பார்க்கும். 2011ல் கிலோ 240 ரூபாயை எட்டிய ஷீட், 2016ன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. வெட்டுக்கூலிக்குக் கட்டாமல் பலர் மரங்களை வெட்டாமலே விட்டார்கள். ரப்பர் விளையும் நாடுகளுக்கென்று 1970லேயே ஒரு சங்கம் அமைந்தது; இந்தியாவும் இலங்கையும் அதில் அங்கத்தினர்கள். ஆயினும் விலை ஏறும்போது ஒவ்வொரு நாடும் தன்னிஷ்டப்படி புதுத் தோட்டம் வைக்கிறது. ஏழாண்டு கழித்து எல்லாத் தோட்டங்களிலும் ஒருசேரப் பால் வடிகிறது. வாங்குகிற டயர்க் கம்பெனிகளுக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 1985 டிசம்பர் 8ல் டாக்காவில் பிறந்த சார்க் அமைப்பும், 2006 முதல் அமலான அதன் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் இருந்தும், தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வியாபாரம் அவற்றின் மொத்த வியாபாரத்தில் ஏறக்குறைய ஐந்து சதவீதமே என்று உலக வங்கி கணக்கிடுகிறது. 2014ல் காத்மாண்டுவில் கூடிய தலைவர்கள் அப்புறம் கூடவே இல்லை. ஆனால் 2022ல் இலங்கை பட்டினியின் விளிம்பில் நின்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேறின. ஆபத்தில் நீண்ட கை சாதாரண நாளிலும் நீண்டிருந்தால், ஆபத்தே அந்த அளவுக்கு முற்றியிராது என்பது என் அபிப்பிராயம்.

மூவாற்றுமுகத்தில் பரளியாறு வந்து கலந்த பின், ஆறு குழித்துறைத் தாமிரபரணி என்று பெயர் மாறி, ஆடி அமாவாசைக்கு வாவுபலி இடுவோரின் எள்ளையும் அரிசியையும் வாங்கிக்கொண்டு மேற்கே போகிறது. மணல் வாரி வாரிப் பள்ளமாகிவிட்ட அந்தப் பகுதியை நான் வேகமாகவே கடந்துவிடுகிறேன், பார்க்கச் சகிக்கவில்லை.

முகத்துவாரம் தேங்காப்பட்டணம். ஆழ்கடலில் நெடுந்தூரம் போய் மீன் பிடிக்கும் தூத்தூர்ப் பக்கத்து மக்களின் கரை அது. 2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் அவர்களில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிற்று. ‘ஒக்கி’ என்பது வங்காளதேசம் கொடுத்த பெயர். கண் என்று பொருள். வட இந்துமாக்கடலைச் சூழ்ந்த பதின்மூன்று நாடுகள் முறைவைத்துப் புயல்களுக்குப் பெயரிடுவதென்று பேசி முடித்திருக்கின்றன. பெயர் சூட்டுவதில் இயன்ற இந்த ஒற்றுமை, திசைதப்பிய ஒரு படகை எந்த நாட்டுக் கப்பல் கண்டாலும் கைது செய்யாமல் கரைசேர்ப்பதிலும் இயலும், இயல வேண்டும்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய செய்தி வந்தபோது, நானும் அந்தப் பேரனும் தேங்காப்பட்டணம் போயிருந்தோம். பாட்டி காலமாகிப் பல வருஷங்களாகின்றன. அவன் இன்றும் பால்வெட்டுக்காரன்; கத்திக்குக் கைப்பிடி மாற்றியிருக்கிறான், இரும்பு அதேதான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், பிறந்த ஊர் என்ற இடத்தில் கேகாலை என்றே நிரப்பியதாகவும் சொன்னான். பிறகு கடலைக் காட்டி, இலங்கை எந்தப் பக்கம் என்று கேட்டான். எதிரே விரிந்து கிடந்தது மேற்குக் கடல். நான் இடது பக்கம், கரையோரத் தென்னைகளுக்கும் அப்பால், கன்னியாகுமரி முனையையும் தாண்டிக் கையைக் காட்டினேன். அவன் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மலைப்பக்கம் கறுத்து வருகிறது, நாளைக்குப் பால்வெட்டு நடக்காது என்றான்.