சுவர்களை விரிப்பதற்கு முன்

"சாமி, கோயில் பத்தவில்லை" என்னும் முறையீட்டை நம் பங்கு மக்களிடமிருந்து இப்போது வாரந்தோறும் கேட்டு வருகிறோம். ஆதிச்சநல்லூருக்கு அணித்தாகப் பொருநைக் கரையில் நாம் ஆன்மப்பணி ஆற்றிவரும் இப்பங்கில், ஞாயிறு காலை இரண்டாம் மணி ஒலிக்கும் முன்னரே ஆலயம் நிறைந்துவிடுகிறது. கைக்குழந்தையோடு வரும் தாய்மார் வாசற்படியிலும், முதியோர் வேப்பமர நிழலிலும், இளைஞர் மதிலோரத்திலும் நின்று, ஒலிபெருக்கி வழியாகவே இறைவார்த்தையைக் கேட்கின்றனர். வெற்றிருக்கைகளை நோக்கிப் பிரசங்கம் செய்வதைக் காட்டிலும் இது மேலான கவலையே. எனினும் கவலை கவலைதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, இறைமக்கள் அனைவரும் உணர்ந்தும் செயல்முறையிலும் வழிபாட்டில் பங்குபெறுவதைத் தலையாய நோக்கமாகக் கொண்டது; புதிய ஆலயங்களும் அதற்கேற்ப அமைய வேண்டுமெனப் பணித்தது. குருமடத்தில் அதனைப் பயின்ற நாளில் நமக்கு அது எளிய பாடமாகத் தோன்றியது. பலிபீடத்தைக் கண்ணால் காணாது மதிலோரம் நிற்பவர் எங்ஙனம் அவ்வாறு பங்குபெறுவார் என்னும் வினா, பங்குப்பணிக்கு வந்த பின்னரே நம்மை வருத்துகிறது.

"இடித்துப் பெரிதாகக் கட்டுவோம்" என்பதே பலருடைய முதல் ஆலோசனை. நம் வட்டாரத்தில் அதுவும் எளிதன்று. 114 ஏக்கர் பரந்த ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் நம் முன்னோர் தாழிகளில் துயில்கின்றனர். அது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, இத்தகைய இடங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்புதல் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். எனவே இவ்வூர்ப்பக்கத்தில் கடைக்கால் தோண்டு முன் நில வரைபடத்தை விரித்துப் பார்த்தல் கடமையாகிறது.

இடத்தை விரிக்க இயலாதபோது திருச்சபை காலத்தை விரிக்க வழிசெய்துள்ளது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 905-ஆம் விதிப்படி, குருக்கள் போதாத இடத்தில் தக்க காரணம் இருப்பின் ஒரு குரு நாளொன்றுக்கு இரு திருப்பலிகளும், மேய்ப்புப்பணியின் தேவை கருதி ஞாயிறு, கடன்திருநாள்களில் மூன்றும் நிறைவேற்ற ஆயர் இசைவு தரலாம். 1248-ஆம் விதியோ முந்திய நாள் மாலைத் திருப்பலியில் பங்குபெற்றாலும் ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என்கிறது. வழி இருக்கின்றது, பழக்கம்தான் குறுக்கே நிற்கின்றது. "ஆறு மணிப் பூசையில்தான் எங்கள் அப்பா காலத்திலிருந்து நிற்கிறோம்" என்பவரைச் சனி மாலைக்கு அழைப்பது, மலையைப் பெயர்ப்பதற்கு ஒப்பாகும். கிளைப்பங்குகளுக்கும் நாமே செல்ல வேண்டியிருப்பதால், கடிகார முள்ளும் நமக்கு ஒரு மதிற்சுவரே.

திருநாள் கூட்டத்தைக் கண்டு அளவெடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். தூத்துக்குடிப் பனிமய அன்னை ஆலயம் 1713-இல் எழும்பியது. ஆகஸ்டு 5-ஆம் நாள் அங்குக் கூடும் மக்களை எந்தக் கட்டடம் கொள்ளும்? அன்று வீதியே ஆலயமாகிறது. திருநாளுக்கென்று கட்டிய மண்டபத்தில் சாதாரணச் செவ்வாய்க்கிழமையன்று குருவின் குரலுக்கு எதிரொலிதான் மறுமொழி தரும்.

இவற்றினும் ஆழ்ந்த பாடத்தை நம் மறைமாவட்டத்தின் வடக்கன்குளம் கற்பிக்கின்றது. அவ்வூரில் 1872-இல் பெரியதோர் ஆலயம் எழுந்தது. இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரு நீண்ட கூடங்கள் தனித்தனியே நீண்டு, பலிபீடத்தருகே மட்டும் ஒன்றுசேருமாறு அது அமைக்கப்பட்டது. பிள்ளைமார், முதலிமார் ஒருபுறம், நாடார் முதலிய ஏனையோர் மறுபுறம், இடையே சுவர். ஒரே அப்பத்தை உண்டவர் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. 1910-இல், கௌசானல் அடிகளார் காலத்தில், அச்சுவர் இடிக்கப்பட்டது. கலகமும் வழக்கும் மூண்டன. சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் தனியிடம் கோரியோரின் உரிமை ஏற்கப்படவில்லை. 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றதும் இதே ஊரில்தான். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகியதற்காகவும் பகை தேடிக்கொண்ட அவரை, 2022-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. அவர் திருமுழுக்குப் பெற்ற மண்ணிலேயே பின்னர் அச்சுவர் நின்றது என்பதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் கலங்குகிறது.

நீள அகலத்தால் மட்டும் ஓர் ஆலயம் பெரிதாவதில்லை என்பதை இதனால் உணர்கிறோம். இன்று நம் ஆலயத்தில் செங்கற்சுவர் இல்லை. ஆயினும் இன்னார்க்கு இன்ன இருக்கை என்னும் எழுதாத பட்டயம் உண்டு. கட்டட வேலைக்காக நம் பங்கெல்லைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்டுச் சகோதரர் சிலர், உள்ளே இடமிருக்கும் நாளிலும் வாசலைத் தாண்டுவதில்லை. "ஏன் தம்பி, உள்ளே வரக்கூடாதா?" என்று நாம் வினவியபோது, ஒருவர் தெரிந்த தமிழில், "எங்க இடம் எதுன்னு தெரியல, ஃபாதர்" என்றார். அவருக்கு மறுமொழி கூற நமக்குச் சொல் எழவில்லை.

அண்மையில் அன்பர் ஒருவர், விரிவாக்கச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக முன்வந்தார். முன்வரிசை இரண்டும் தம் குடும்பத்தாருக்கு என்றும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய தாராளத்துக்கு நன்றி கூறி, அந்த நிபந்தனையோடு பணத்தை ஏற்க இயலாது என்பதைப் பணிவாகத் தெரிவித்தோம். மனத்தாங்கலோடு சென்றார். விரிவாக்கம் தள்ளிப்போகும் என்பதையும், அதுவரை முதியோர் வெயிலில் நிற்க நேரும் என்பதையும் பங்குப் பேரவையினர் எடுத்துரைத்தனர். அவர்கள் கூற்று நியாயமே. ஆகவே காத்திராமல் செய்யக் கூடியவற்றைத் தொடங்கியுள்ளோம். சனி மாலைத் திருப்பலிக்கு ஆயரவர்களின் இசைவைக் கேட்டுள்ளோம். முன்வரிசைகள் முதியோருக்கும் கைக்குழந்தைத் தாய்மாருக்கும் என அறிவித்துள்ளோம். வாசலில் நிற்போரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வர இளைஞர் நால்வர் வாரந்தோறும் முறைவைத்து நிற்கின்றனர். கட்டட நிதி உண்டியலும் திறந்தாயிற்று. பத்து ரூபாய் இட்டவரும் பத்தாயிரம் இட்டவரும் அதில் ஒன்றே.

பெத்லகேம் விடுதியில் இடமில்லாது போன ஒருவரைத்தான் நாம் ஞாயிறுதோறும் தேடி வருகின்றோம். அன்பார்ந்த குடும்பத்தாரே, வரும் ஞாயிறன்று உங்கள் இருக்கையின் ஓரத்தில் யாரேனும் தயங்கி நின்றால், சற்றே நகர்ந்து அமர்ந்து அவரை அழையுங்கள். கற்கள் வந்து சேரும் வரை, நம் ஆலயம் அவ்வளவேனும் விரியட்டும்.