மேடையேறிய முதியோர் மூவர்

நம் பங்கு மக்கள் இதனைப் படித்தால் நகைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். கிறிஸ்மஸ் விழாவின்போது இளைஞர்கள் ஒலிபெருக்கியைச் சற்றே உரக்க வைத்தாலும், அறைவீட்டுச் சன்னலைத் திறந்து அதட்டுகிறவர் நாம். அத்தகைய நாம், 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் மாலை, ஜெர்மனி நாட்டிலுள்ள கெல்சன்கிர்ஷன் நகரில், பல்லாயிரம் பேர் நடுவே அமர்ந்து 'ராக்' இசைக் கச்சேரி ஒன்றைக் கேட்டோம். கேட்டதோடன்றி வியந்தோம், வியந்ததோடன்றி நம்மை எண்ணிச் சிறிது நாணமும் கொண்டோம். அதன் காரணத்தை ஒளிக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடையில் ஜெர்மானியக் குருக்கள் ஓய்வுக்குச் செல்லும்போது, நம் நாட்டுக் குருக்கள் சிலர் அங்குச் சென்று சில வாரங்கள் பணியாற்றுவது பலரும் அறிந்த வழக்கம். அவ்வாறே எஸ்ஸன் மறைமாவட்டத்துப் பங்கு ஒன்றுக்கு நாமும் சென்றிருந்தோம். உண்மையைச் சொல்வதானால், பணியாற்றச் சென்றோம் என்பதைவிட, களைத்துப்போய்ச் சென்றோம் என்பதே பொருந்தும். ஆண்டுகள் பல ஒரே செபங்களைச் சொல்லிச் சொல்லி, நாவு பழகிவிட்டது. உள்ளம் எங்கோ இருந்தது. அவ்வாண்டு தவக்காலத்தில் நம் பங்கில் மூதாட்டி ஒருவரின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்றினோம். முந்திய வாரம் இறந்த வேறொரு பெண்மணியின் பெயரைச் சொல்லி அவருக்காக மன்றாடினோம். முன்வரிசையில் நின்ற மகன் தலைநிமிர்ந்து ஒருமுறை பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. தவற்றை உணர்ந்த நாமும் ஒன்றும் கூறவில்லை. அந்தப் பார்வை கடல் கடந்தும் நம்மோடு வந்தது.

நாம் சென்ற பங்கின் கோயிற்பிள்ளை எழுபத்தொரு வயது முதியவர். ரூர் எனப்படும் அப்பகுதி நிலக்கரியால் வளர்ந்தது. பூமிக்கடியில் இறங்கிக் கரி வெட்டும் கடைசிச் சுரங்கமும் 2018 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. அவரும் இளமையில் சுரங்கத்தில் உழைத்தவரே. ஒருநாள் திருப்பலி முடிந்தபின், சட்டைப்பையிலிருந்து இரண்டு நுழைவுச் சீட்டுகளை எடுத்துக் காட்டினார். மார்ச்சு மாதத்தில் தமக்கும் தம் மனைவிக்குமாக வாங்கியவை. மே மாதத்தில் மனைவி இறந்துவிட்டார். "வீணாக்க மனம் வரவில்லை, சுவாமி. நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டார். மறுக்க நமக்கு நா எழவில்லை.

பாட வந்தவர்கள் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' எனும் இங்கிலாந்து நாட்டு இசைக்குழுவினர். 1962இல் இலண்டனில் தொடங்கிய அக்குழுவின் அறுபதாம் ஆண்டுப் பயணம் அது. முன்னணிப் பாடகர் மிக் ஜாகர் 1943ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பிறந்தவர். அஃதாவது, முந்திய நாள்தான் அவருக்கு எழுபத்தொன்பது வயது நிறைந்திருந்தது. கித்தார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்சுக்கு எழுபத்தெட்டு. ரான்னி வுட்டுக்கு எழுபத்தைந்து.

குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில் இவர்கள் பெயரைச் சொன்னாலே ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1967இல் போதைப்பொருள் வழக்குகளில் நீதிமன்றப் படியேறியவர்கள். 1969 டிசம்பரில் அமெரிக்காவில் ஆல்டமான்ட் எனுமிடத்தில் இவர்கள் பாடிக்கொண்டிருக்கையில் மேடையின் முன்னே ஓர் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். இவர்களுடைய வாழ்வை நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நாம் காட்ட வரவில்லை. ஆயினும், தீயதைத் தீயதென்று சொல்லும் நேர்மை நமக்கு வேண்டுமெனில், நல்லதைக் கண்டவிடத்து நல்லதென்று சொல்லும் நேர்மையும் வேண்டுமன்றோ?

வெல்டின்ஸ் அரேனா எனப்படும் அவ்வரங்கு 2001இல் திறக்கப்பட்டது. கால்பந்தாட்டத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடக்கூடியது. கூரையைத் திறக்கவும் மூடவும் இயலும்; புல்தரை முழுவதையுமே அரங்குக்கு வெளியே நகர்த்திவிடும் பொறியமைப்பும் உண்டு. அரங்கினுள்ளேயே ஒரு சிற்றாலயம் இருப்பதையும், அங்குத் திருமுழுக்கும் திருமணமும் நடைபெறுவதையும் முதியவர் பெருமையோடு கூறினார். அருகே இருந்த பழைய விளையாட்டரங்கில் 1987ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், புனித இரண்டாம் யோவான் பவுல் திருப்பலி நிறைவேற்றியபோது, மனைவியின் கரம் பற்றித் தாம் நின்றிருந்ததை நினைவுகூர்ந்தார். பின்னர் இருவரும் படியேறி, மேல்வரிசையில் எங்கள் இருக்கைகளைக் கண்டுபிடித்தோம். அவருடைய மனைவியின் இருக்கையில் நாம் அமர்ந்தோம்.

கச்சேரி பாட்டோடு தொடங்கவில்லை. இறந்தவர் ஒருவரின் நினைவோடு தொடங்கிற்று. குழுவில் 1963 முதல் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டு 24ஆம் நாள் எண்பதாம் வயதில் காலமானார். நேர்த்தியாகத் தைத்த உடை, அமைதியான முகம், சிறிய வாத்தியத் தொகுதி, பிசகாத தாளம் - இவையே அவர் அடையாளம். ஆரவாரமே தொழிலாகிய கூட்டத்தில் ஆரவாரமின்றி வாழ்ந்த மனிதர். அவருடைய படங்கள் பெருந்திரைகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. மக்கள் கைதட்டினார்கள். நம் அருகிலிருந்த முதியவர் கைதட்டவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டார். அவர் யாரை நினைத்தார் என்று நாம் கேட்கவில்லை.

அதன்பின் மேடை அதிர்ந்தது. ஜாகர் ஓடிவந்தார். ஓடிவந்தார் என்பது அலங்காரச் சொல்லன்று. 2019இல் இதயத் தடுக்கிதழ் சிகிச்சை செய்துகொண்டவர். அக்கோடையிலேயே, ஜூன் திங்களில், கொரோனா நோயால் ஆம்ஸ்டர்டாம் கச்சேரியைத் தள்ளிவைத்தவர். அவர் மேடையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கும், கூட்டத்தின் நடுவே நீண்டிருந்த நடைமேடையின் நுனிவரைக்கும் சென்று சென்று திரும்பினார். முதலில் இதனை வெறும் துடுக்கென்றே எண்ணினோம். சிறிது நேரத்தில் அதன் காரணம் விளங்கிற்று. நாம் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவர் முகம் கடுகளவு. முகபாவம் எங்களுக்கு எட்டாது என்பதை அவர் அறிவார். ஆகவே உடல் முழுவதையும் முகமாக்கிக்கொண்டார். கைகளை அகல விரித்தார். விரல் நீட்டி மேல்வரிசைகளைச் சுட்டினார். ஒரு வரியைத் தாம் பாடி, மறுவரியை எங்களிடம் விட்டுவிட்டுச் செவிமேல் கைவைத்துக் காத்திருந்தார். இடையிடையே ஜெர்மன் மொழியில் சில வாக்கியங்கள் பேசினார். கடைசி வரிசையில் இருந்தவனும் தன்னைத்தான் அழைக்கிறார் என்று எண்ணினான். அவருடைய தந்தை உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். அந்த வீட்டில் கற்ற ஒழுங்கு எழுபத்தொன்பதிலும் உதவிற்று.

கீத் ரிச்சர்ட்சின் திறமை வேறுவகை. சிறுவயதில் பள்ளிப் பாடகர் குழுவினருடன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் எலிசபெத் அரசியார் முன் பாடியவர் இவர். ஜாகரும் இவரும் தொடக்கப்பள்ளித் தோழர்கள். பிரிந்திருந்தவர்கள், 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு இரயில் நிலையத்தில் மீண்டும் சந்தித்ததிலிருந்து வளர்ந்ததே இக்குழு. ஆறு தந்திகளில் தாழ்ந்த தந்தியை நீக்கிவிட்டு, ஐந்து தந்திகளில் வாசிப்பது இவர் கண்ட முறை. முதுமையில் விரல்கள் மூட்டுவாதத்தால் தடித்துவிட்டன. எனவே எண்ணிக்கையில் குறைந்த சுரங்களையே எழுப்பினார். ஆனால் ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைத்தார். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே விட்ட அமைதியும் இசையாயிற்று. கச்சேரியின் நடுவே ஜாகர் மேடையைவிட்டு விலக, ரிச்சர்ட்ஸ் முன்வந்து தம் குரலில் பாடினார். வயது தளர்த்திய குரல்தான். எனினும் அதனை மறைக்க அவர் முயலவில்லை. கூட்டமும் குறை கூறவில்லை.

பியானோ வாசித்தவர் சக் லெவல். 1982 முதல் இக்குழுவுடன் பயணம் செய்பவர். ஒவ்வொரு பாட்டின் சுருதி என்ன, வேகம் என்ன, எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதையெல்லாம் தம் கையாலேயே ஏடுகளில் குறித்து வைத்திருக்கிறார் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. நாற்பது ஆண்டுகள் வாசித்த பாட்டுக்கும் ஏடா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாற்பது ஆண்டுகள் வாசித்ததனால்தான் ஏடு வேண்டும். நன்கு தெரிந்தது என்று எண்ணுகிற இடத்தில்தானே மனிதன் இடறுகிறான்? நாம் அதனை அனுபவத்தால் அறிவோம்.

இறுதியாக, 1965இல் வெளிவந்த, மனநிறைவு கிட்டவில்லை என்று முறையிடும் அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டு தொடங்கிற்று. எல்லாரும் எழுந்து நின்றனர், நாமும் எழுந்தோம். முதியவர் நம் காதருகே குனிந்து உரத்த குரலில் சொன்னார்: "1965 செப்டம்பரில் எஸ்ஸன் நகருக்கு இவர்கள் வந்தார்கள், சுவாமி. எனக்குப் பதினான்கு வயது. சீட்டு வாங்கப் பணமில்லை. மண்டபத்துக்கு வெளியே சுவரோரம் நின்றேன். இந்தப் பாட்டை அவர் எத்தனை ஆயிரம் முறை பாடினாரோ, நான் அறியேன். நேரில் நான் கேட்பது இதுவே முதல் முறை."

மேடையிலிருந்த கிழவருக்கோ அது ஆயிரத்தில் ஒன்று. சலிப்புற்றிருந்தாலும் யார் குறை கூறுவார்? ஆனால் அவர் அதனைச் சலித்துப் பாடவில்லை. ஐம்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்த ஒருவர் மேல்வரிசையில் இருக்கக்கூடும் என்று அறிந்தவர்போல் பாடினார். கலைஞரின் திறமை என்று நாம் இதுகாறும் எண்ணியது துள்ளலும் ஒளிவிளக்குமே. அவற்றின் அடியில் இருந்தது மரியாதை. வந்திருப்பவனுக்குச் செலுத்தும் மரியாதை.

அந்நேரத்தில்தான் நம் பங்கின் முன்வரிசையில் தலைநிமிர்ந்த அந்த மகனின் முகம் கண்முன் வந்தது. ஓர் ஆண்டில் நாம் எத்தனையோ அடக்கங்களை நடத்துகிறோம். அவருக்கோ ஒரே தாய், ஒரே அடக்கம்.

நம்மைத் தவறாக உணர வேண்டாம். திருப்பலி கச்சேரியன்று, குருவானவர் கூத்தாடுபவருமல்லர். பலிபீடத்தில் தம்மையே காட்டிக்கொள்ள முனையும் குரு, பீடத்தை மறைத்து நிற்கிறார். நாம் கற்றது கைவீச்சையன்று. பழகிய பணியைப் பழகாதவனின் கவனத்தோடு செய்ய வேண்டும் என்பதையே கற்றோம். திருமணமாகிப் பல்லாண்டு கண்ட தம்பதியர்க்கும், நாள்தோறும் அதே அடுப்பின்முன் நிற்கும் அன்னையர்க்கும், அதே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும் என்றே எண்ணுகிறோம். சலிப்பு வேலையிலிருந்து வருவதில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பதை மறப்பதிலிருந்து வருகிறது.

கச்சேரி முடிந்ததும், வாத்தியம் வாசித்தோரும் துணைப்பாடகரும் உட்பட எல்லாரும் ஒரே வரிசையில் தோள் சேர்த்து நின்று, தலைதாழ்த்தி வணங்கினார்கள். முதியவர் எழுந்து நெடுநேரம் கைதட்டினார். இரயிலில் திரும்புகையில் தம் மனைவியின் சீட்டைக் கேட்டு வாங்கி, தம் சீட்டோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் ஊர் திரும்பினோம். முதல் வாரத்திலேயே அந்த மகனின் வீட்டுக்குச் சென்றோம். நாற்காலி எடுத்துப் போட்டார், நாம் உட்காரவில்லை. நின்றபடியே, அவருடைய தாயாரின் பெயரைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்றுநேரம் பேசாமலிருந்தார். பின், "மறந்திருப்பீர்கள் என்று நினைத்தேன், சாமி" என்றார். உள்ளே சென்று காப்பி கொண்டுவரச் சொன்னார்.

இசைக்குழுவினர் ஓய்ந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் புதிய பாடல்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். 2024இல், ஜாகரும் ரிச்சர்ட்சும் எண்பது வயதில், அமெரிக்காவெங்கும் சென்று பாடினார்கள். நாமோ கடைவீதியில் ஒரு சிற்றேடு வாங்கினோம். அடக்கத்துக்கு முன் இறந்தவரின் இல்லம் சென்று, அவர் பெயரையும், வீட்டார் அவரை அழைத்த பெயரையும், பிள்ளைகளின் பெயர்களையும் நம் கையாலேயே அதில் எழுதிக்கொள்கிறோம். பீடம் ஏறுமுன் அவற்றை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறோம்.