உள்ளே யாரேனும் உண்டா?

நொய்யற்கரை ஊரில் பிறந்தவர்களுக்குத் தையல் எந்திரத்தின் ஓசையே தாலாட்டு. பகலில் கல்லூரி, இரவில் பனியன் கம்பெனி என்று காலம் கழிக்கும் மாணவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களுள் ஒருவன். என் அம்மா ஓவர்லாக் தைக்கும் கம்பெனியிலேயே, டிசைன் அறைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இரவு வேலை எனக்கு. அங்கே நான் செய்த பிழை ஒன்றை இம்மலரில் ஒளிக்காமல் எழுதுகிறேன். என்னைப் போல் வேலைக்குச் செல்லும் தோழர்களுக்குப் பயன்படலாம் என்பதே காரணம்.

கணினி எனக்கு அறிமுகமானது அக்காவின் மடிக்கணினியில். 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது அது. அதில் விண்டோசுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இயங்குதளமும் இருந்தது. லினக்ஸ் என்பது 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிவைத்த பணி. நம்மைப் போன்ற ஒரு கல்லூரி மாணவரின் படைப்பு என்பதாலேயே அதன்மேல் எனக்குத் தனிப் பற்று. அந்தப் பற்றே பிறகு, 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற இறுமாப்பாக மாறியது.

எங்கள் டிசைன் அறையின் கோப்புகள் யாவும் சர்வர் என்னும் ஒரே கணினியில் இருக்கும். மற்றக் கணினிகள் அதைத் தம் சொந்த அலமாரிபோல் எடுத்தாளும். 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் முறை இதற்கு வழி செய்கிறது. தொலைவிலுள்ள அலமாரியைக் கணினியில் பொருத்துவதற்கு 'மவுண்ட்' என்று பெயர். கழற்றுவதற்கான கட்டளை 'யூமவுண்ட்'. 'அன்மவுண்ட்' என்று முழுதாக எழுதினால் கணினி ஏற்காது. நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்ட சொல் அது!

ஒரு வியாழன் இரவு. சர்வரின் யூ.பி.எஸ். பேட்டரியை மாற்ற ஆள் வந்திருந்தார். சர்வரை அணைக்கும் முன் மற்றக் கணினிகளிலிருந்து அலமாரியைக் கழற்றிவிட வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்டிருந்த முறை. என் இருக்கையில் இருந்தபடியே வலைவழி ஒவ்வொரு கணினியிலும் நுழைந்து கழற்றினேன். பேட்டர்ன் மாஸ்டரின் கணினி மட்டும், 'டார்கெட் இஸ் பிஸி' என்று மறுத்தது. மூன்று முறை கட்டளையிட்டேன். மூன்று முறையும் அதே பதில். பேட்டரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குச் சினம் வந்தது. கட்டளையோடு 'எல்' என்ற எழுத்தைச் சேர்த்தால் கழன்றுவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். சேர்த்தேன், மறுபேச்சில்லை. "இனி அணைக்கலாம்" என்றேன் பெருமிதத்துடன்.

சற்று நேரத்தில் மாஸ்டரின் கணினித் திரையைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஏதோ ஒரு நிரல் உறைந்து நின்றது. எந்திரம் கெட்டுவிட்டதோ என்று பதறி, மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அரைமணியில் சர்வர் உயிர்பெற்றது. எல்லாம் நலம் என்று வீடு திரும்பினேன்.

உறைந்து நின்ற நிரல், மறுநாள் வெட்டுக்கான மார்க்கரை அடுக்கிக்கொண்டிருந்தது. உடல், கை, கழுத்துப் பட்டி ஆகிய துண்டுகளைத் துணி வீணாகாமல் அகலத்துக்குள் பொருத்தும் வேலை அது. இரவு முழுவதும் ஓடட்டும் என்று மாஸ்டர் விட்டுச் சென்றிருந்தார். காலையில் அவருக்குக் கிடைத்தது பாதி எழுதப்பட்ட, திறக்க இயலாத கோப்பு. அவர் கையால் அடுக்கி முடிக்க நண்பகல் தாண்டிவிட்டது. மார்க்கர் இல்லாமல் வெட்டு இல்லை; வெட்டு இல்லாமல் தையல் இல்லை. மாலை கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா சொன்னார்: "இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் வெட்டு வரலை கண்ணு. டேபிள் பூரா சும்மாதான் உக்காந்திருந்தோம்." அம்மாவுக்குப் பீஸ் ரேட். தைத்தால்தான் கூலி.

அன்றிரவே மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மெயினை அணைக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு டேபிளாப் போய் ஊசி துணிக்குள்ள நிக்குதான்னு பாக்கறோமில்லீங்க தம்பி? கம்ப்யூட்டருக்கு மட்டும் அது வேண்டாமா?" என்றார். திட்டியிருந்தால் அது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன்பிறகே அக்கட்டளைகளின் பொருளை முறையாகப் படித்தேன். 'பிஸி' என்பது கணினியின் பிடிவாதம் அன்று. 'உள்ளே ஆள் இருக்கிறது' என்னும் அறிவிப்பு. யார் இருக்கிறார் என்பதை 'ஃபியூசர்', 'எல்.எஸ்.ஓ.எஃப்.' என்ற இரு கட்டளைகள் பெயரோடு காட்டிவிடும். அடுத்த முறை 'ஃபியூசர்' கொண்டு பார்த்தபோது நகைப்பும் நாணமும் ஒருங்கே வந்தன. பட்டியலில் என் பெயரும் இருந்தது! பக்கத்தில் 'சி' என்ற குறி. நான் திறந்த முனையம் அந்த அலமாரிக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். தான் நிற்கும் அறையைத் தானே வெளியிலிருந்து பூட்ட முயன்றவன் நான்.

'எல்' என்பது சோம்பலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அது அலமாரியின் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிடுமே தவிர, உள்ளிருப்பவரை வெளியேற்றாது. கடைப்பலகையைக் கழற்றிவிட்டதால் கடைக்குள் இருப்பவர் இல்லாமல் போவாரா? அவர் வேலையை முடித்துச் செல்லும்வரை உண்மையான கழற்றல் நிகழாது. நானோ கணினியின் மௌனத்தைச் சம்மதம் என்று கொண்டேன்.

என் இரண்டாம் பிழை இன்னும் பெரியது. எங்கள் அலமாரி 'ஹார்ட்' என்னும் முறையில் பொருத்தப்பட்டிருந்தது. சர்வர் மறைந்தால் நிரல் சாகாது. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே காத்திருக்கும். 'சாஃப்ட்' முறையிலோ சில முயற்சிகளுக்குப் பின் பிழை என்று கைவிட்டுவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பழுதாகவும் கூடும். ஆக, நான் கண்ட உறைவு நோயன்று, பொறுமை. அந்த அரைமணி நானும் பொறுத்திருந்தால், சர்வர் வந்ததும் நிரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கும்.

இப்போது நான் கைக்கொள்ளும் வரிசை இதுதான். சர்வர் உயிரோடு இருக்கும்போதே உள்ளே யார் என்று கேட்பேன். அது இறந்தபின் கேட்டால், கேட்கும் கட்டளையே உறைந்துபோகலாம். பிறகு உரியவரிடம் சொல்லி நிரலை முடிக்கச் செய்வேன். என் முனையத்தையும் வெளியே நகர்த்துவேன். பின்னரே கழற்றல், கடைசியில் சர்வர். சர்வர் மீளவே மீளாது என்று உறுதியானால் மட்டும் 'எஃப்' என்னும் வலுக்கட்டாயம். உள்ளிருக்கும் எல்லாவற்றையும் ஒரே அடியில் கொல்ல ஃபியூசருக்கு 'கே' என்றொரு குறி உண்டு. அதன்பக்கம் நான் போவதில்லை.

சனிக்கிழமை சம்பளக் கவர் வந்தது. அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்து வைத்தார். அப்போதுதான் சொன்னேன், அந்த அரைநாள் என்னால் போனது என்று. அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்தார். "தப்பு யாருக்கும் வரும் கண்ணு. ராத்திரியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மாஸ்டர் சொல்லியிருப்பாரு இல்ல?" என்றார்.

தோழர்களே! நாளை நம்மில் பலர் பொத்தான்களை அழுத்தும் இடத்தில் அமரப்போகிறோம். திரையில் தெரிவது எந்திரத்தின் பெயர்தான். அதன் மறுமுனையில் யாரோ ஒருவரின் அரைநாள் கூலி இருக்கிறது. எங்கள் கம்பெனிக் காவலாளி அதிகம் படிக்காதவர். ஆயினும் ஒவ்வோர் இரவும் குடோனைப் பூட்டும் முன், "உள்ளார ஆராச்சும் இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்டுவிட்டு, சற்று நின்று, பிறகே சாவியைத் திருப்புகிறார்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம், பாடநூலில் இல்லாதது.