மூக்குக் குனியாத வண்டி

மில்வாக்கி, விஸ்கான்சின்.



இந்த வாரம் எங்கள் கம்பெனியில் ஒரு கூட்டம். நிலத்திலும் நீரிலும் ஓடும் ராணுவ வண்டி ஒன்றுக்கு, ஹைட்ராலிக்கில் ஏறி இறங்கும் தகடு, அதாவது ஃபிளாப், வேண்டுமாம். சிலிண்டர்தான் என் தொழில். ஆசையோடு போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். மேனேஜர் என் பக்கம் குனிந்து, "மன்னிக்கணும், இந்த டிராயிங்கை நீங்கள் பார்க்கக் கூடாது" என்றார். எழுந்து வந்துவிட்டேன். போன வருஷம் என்னிடம் வேலை பழகிய பையன் உள்ளேயே இருந்தான். அவன் இந்த நாட்டில் பிறந்தவன்.

இதற்குக் காரணமான விதியை இங்கே 'ஐட்டார்' என்பார்கள். ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம். ஏற்றுமதி என்றதும் கப்பலில் சரக்கு போவது என்று நினைக்காதீர்கள். அமெரிக்க மண்ணிலேயே, ஒரே அறையில், ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரனுக்கு டிராயிங்கைக் காட்டினாலும் அது ஏற்றுமதிதான். வாயால் விளக்கினாலும் ஏற்றுமதி. கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினாலும் ஏற்றுமதி. வெளியுறவுத் துறையிடம் லைசென்ஸ் வாங்காமல் அதைச் செய்தால் கம்பெனிக்குப் பெரும் அபராதம் விழும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டு எப்போது வரும்? வேலையின் பேரில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொதுக் கணக்கு. இந்தியாவில் பிறந்தவர்கள் வரிசையில் நின்றே தலை நரைக்கிறார்கள். திறமை எவ்வளவு என்று அந்த வரிசை கேட்பதில்லை. எங்கே பிறந்தாய் என்றுதான் கேட்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

பொதுவெளியில் வந்துவிட்ட விஷயத்துக்கு ஐட்டாரிலும் தடை கிடையாது. ஆகவே யாரும் படிக்கக் கூடியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கவச வண்டி ஒரு பெட்டி. காலி அண்டாவை ஊரணியில் வேகமாகத் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். முன் விளிம்பு குனிந்து தண்ணீர் உள்ளே ஏறும். வண்டிக்கும் அதே கதிதான். தான் எழுப்பிய அலை தன் மூக்கின் மேலேயே ஏறி, அதை அழுத்திவிடும். அதனால்தான் மேடக் தொழிற்சாலையில் செய்யும் நம் ராணுவத்தின் 'சரத்' கவச வண்டியின் முகப்பில் ஒரு தகடு மடங்கிக் கிடக்கிறது. தண்ணீரில் இறங்கும் முன் அதை நிமிர்த்தினால் அலையை முன்னால் தள்ளிவிடும். 14 டன் சரத், தன் சங்கிலிப் பட்டைகள் சுழலும் வேகத்திலேயே மணிக்கு 7 கிலோமீட்டர் போகும். ஆற்றைக் கடக்க அது போதும். கடலுக்குப் போதாது.

கடலில் விரைவாகப் போக வேண்டுமானால் பெட்டி படகாக மாற வேண்டும். அமெரிக்கக் கடற்படைத் தரைப்பிரிவுக்காக ஜெனரல் டைனமிக்ஸ் செய்த இ.எஃப்.வி. வண்டி அதைச் செய்து காட்டியது. முன்னால் ஒரு பெரிய ஃபிளாப், பின்னால் ஒரு ஃபிளாப். இரண்டும் விரிந்தால் வண்டியின் அடிப்பாகம் நீண்டு வேகப் படகின் அடி போல் ஆகிவிடும். பட்டைகள் உள்ளே மடங்கிக்கொள்ளும். தரையில் 850 குதிரைத் திறனில் ஓடும் அதே இன்ஜின் கடலில் 2,700 வரை எழும்ப, சுமார் 35 டன் இரும்பும் அலுமினியமும் மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் நீர்மேல் சறுக்கிப் போயிற்று.

ஃபிளாப்பை ஒரே கோணத்தில் வெல்டிங் செய்து விட்டுவிட முடியாது. வேகம் ஏறும்போது, வண்டி தான் எழுப்பிய அலைமேல் தானே ஏறித் தாண்ட வேண்டிய ஒரு கட்டம் வரும். மூக்கு வானத்தைப் பார்க்கும், நீரின் தடை உச்சத்தில் இருக்கும். அப்போது பின் ஃபிளாப்பைக் கீழே இறக்கினால் பின்பக்கம் தூக்கும், மூக்கு படியும், வண்டி அந்த மேட்டைத் தாண்டிவிடும். தாண்டிய பிறகும் இறக்கியே வைத்திருந்தால் மூக்கு நீருக்குள் குத்தும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே கோணத்தை மாற்றியாக வேண்டும். பெரிய அலை வந்து அறையும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் சட்டென்று எகிறும். அந்த நொடியில் வால்வு திறந்து ஃபிளாப் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ராடு வளையும், அல்லது இணைப்புப் பின் அறும். இன்ஜின் நின்றுபோனாலோ ஃபிளாப் இருந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விட்டுக்கொடுக்கவும் வேண்டும், அசையாமல் நிற்கவும் வேண்டும். வடிவமைப்பாளனின் தலைவலியும் சுகமும் அங்கேதான்.

இவ்வளவு பணமும் அறிவும் இருந்தும் இ.எஃப்.வி. கரை சேரவில்லை. முன் ஃபிளாப்பும் ஹைட்ராலிக்கும் தொல்லை தருகின்றன என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2006-இலேயே எழுதியது. அந்த ஆண்டுச் சோதனையில் சராசரியாக 4.5 மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி பழுதானது. சுமார் 300 கோடி டாலர் செலவான பிறகு, 2011 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

கடலில் ஓடும் ஹைட்ராலிக்குக்கு முதல் எதிரி உப்பு. சிலிண்டர் ராடின் மேல் கண்ணாடி போலக் குரோம் பூச்சு இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. குளோரைடு அவற்றின் வழியே இறங்கி அடியில் இருக்கும் எஃகைத் தின்னும். முதலில் கடுகளவு பழுப்புப் புள்ளி. விரல் நகத்தால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். அந்தக் குழி உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் ரப்பர் சீலைக் கிழிக்கும். எண்ணெய் வெளியே கசியும், கடல்நீர் உள்ளே புகும், எண்ணெய் மோர் நிறத்துக்கு வந்துவிடும். இதற்கு இங்கே செய்யும் சோதனை என்ன? 35 டிகிரி சூட்டில், 5 சதவீத உப்புக் கரைசலை ஒரு பெட்டிக்குள் மூட்டமாகப் பீய்ச்சி, மணிக்கணக்கை எண்ணுவது. அந்தப் பெட்டியில் வெயில் இல்லை, மணல் இல்லை, பாசி இல்லை, சிப்பி இல்லை. அது கடலே இல்லை.

கடல் எங்கே இருக்கிறதென்று காரைக்குடி செக்காலையில் வளர்ந்த எனக்குத் தெரியும். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த சிக்ரி ஆய்வகம் எங்கள் ஊரில் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திராவிட்டால், மின்வேதியியலுக்கென்று ஒரு தேசிய ஆய்வகம் இந்தச் செம்மண் பூமிக்கு வந்திருக்குமா? அதன் அரிமானச் சோதனை நிலையம் மண்டபம் கடற்கரையில் இருக்கிறது. செக்காலையில் இருக்கும் என் சித்தப்பா அங்கே வேலை பார்த்தவர். கூட்டத்திலிருந்து எழுந்து வந்த அன்று இரவு போனில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வருத்தத்தைக் கேட்டுக்கொண்டார், ஆனால் பேச்சை வேலைக்கே கொண்டுவந்துவிட்டார்: "தகட்டைக் கடலைப் பாக்கச் சாய்ச்சு, இரும்பு இரும்பத் தொடாம பீங்கான் குமிழ் வச்சுக் கட்டணும்ப்பா. ஒரு ஐப்பசி, ஒரு சித்திரை ரெண்டும் பாத்தாத்தான் தகடு உண்மையைச் சொல்லும்." உப்புமூட்டப் பெட்டிக்கு ஐப்பசியும் தெரியாது, சித்திரையும் தெரியாது. பாம்பன் பழைய பாலத்தின் தூக்குப் பகுதி அரிமானத்தால் பழுதாகி 2022 டிசம்பரில் ரயில் நின்றதே, அந்தக் காற்றை எந்தப் பெட்டிக்குள் அடைப்பது?

நம் நாட்டில் வேலை இல்லாமலும் இல்லை. ஆவடியில் இருக்கும் போர் ஊர்தி ஆய்வு நிறுவனம், எல் அண்ட் டி-யோடு சேர்ந்து உருவாக்கிய 'ஜொராவர்' இலகு ரக டாங்கி 2024 ஜூலையில் ஹசிராவில் வெளிக்காட்டப்பட்டது. 25 டன் எடை. நீரிலும் செல்லும்படி திட்டமிட்டது. டிஆர்டிஓ-வும் டாடாவும் செய்த எட்டுச் சக்கர வண்டிக்கு 2025-இல் மொராக்கோவிலேயே தொழிற்சாலை திறந்தாயிற்று. இவை எல்லாம் இன்னும் வேகமாக நீந்த வேண்டும், கடலுக்குள் இறங்க வேண்டும். அதற்கு ஃபிளாப் வேண்டும், உப்பைத் தாங்கும் சிலிண்டர் வேண்டும். எங்கள் ஊரில் 1952-இல் தொடங்கிய அழகப்பா பொறியியல் கல்லூரி இருக்கிறது, பக்கத்திலேயே சிக்ரி இருக்கிறது, ராமேஸ்வரம் ரயிலில் ஏறினால் மண்டபம் வந்துவிடும். மூன்றும் இப்படி ஒரே பாதையில் அமைந்த ஊர் ஒன்றை நான் அமெரிக்காவில் பார்த்ததில்லை.

காரைக்குடியில் இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கும் தம்பி, தங்கைகளே, புராஜெக்ட்டுக்கு எங்கிருந்தோ ரெடிமேடாக ஒன்றை வாங்கி வைக்காதீர்கள். ஒரு பழைய ஜேசிபி சிலிண்டர் ராடை நான்கு துண்டாக வெட்டுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள், மற்ற மூன்றுக்கும் மூன்று விதப் பூச்சு கொடுங்கள். சிக்ரிக்குப் போய் ஒரு விஞ்ஞானியிடம் பணிவாகக் கேட்டு, மண்டபத்தில் கட்டிவைக்க இடம் வாங்குங்கள். மாதம் ஒருமுறை போய்ப் படம் எடுங்கள், குழியின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். நீங்கள் முடித்துப் போன பிறகு அடுத்த வகுப்பு தொடரட்டும். என்ன சந்தேகம் வந்தாலும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். தெரிந்ததை எல்லாம் சொல்லித் தருகிறேன்.