கேளிக்கைப் பூங்காவுக்கு நாள் குறிக்கலாம், வாங்க!

"பூங்காவுக்கு எப்போது போனால் கூட்டம் இருக்காது?" வானொலி நேயர்கள் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அதிலும் பலர் கேட்பது மே மாதக் கடைசியில், அல்லது நவம்பர் நடுவில். அதற்குள் பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும். உட்லண்ட்ஸ் கடற்பாலத்திலும் துவாஸ் இரண்டாம் இணைப்பிலும் வாகனங்கள் நகராமல் நிற்பதை நானே ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் நல்ல நாள் எது என்று சொல்லி என்ன பயன்?

இதை முன்கூட்டியே யோசிப்பதற்குக் காரணம் உண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாள் பூங்கா என்பது சிறிய செலவில்லை. நுழைவுச்சீட்டு, சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றோடும் அப்பா அம்மா இருவரின் விடுப்பிலும் ஒரு நாள் போகிறது. அந்த நாளில் பாதி வரிசையில் கரைந்தால் பிள்ளை அழும், பெரியவர்கள் முகம் வாடும், வீடு திரும்பும்போது யாரும் யாருடனும் பேச மாட்டார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற நாம் இதற்கும் கொஞ்சம் பார்க்கலாம். பஞ்சாங்கம் வேண்டாம், பள்ளி நாள்காட்டி போதும்.

பள்ளி மணி அடித்தால்...

சிங்கப்பூரில் கூட்டத்தைத் தீர்மானிப்பது பள்ளி விடுமுறைதான். மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டு இறுதியில் ஆறு வாரம். இந்த நாள்களில் செந்தோசா யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தொடங்கி கெந்திங் மலை வரை எங்கும் நம் அண்டை வீட்டாரைப் பார்க்கலாம்.

இவை தவிர மறைமுகமான விடுமுறைகளும் உண்டு. ஜூலையில் இளையர் தினத்தை ஒட்டிய திங்கட்கிழமை, செப்டம்பரில் ஆசிரியர் தின வெள்ளி, அக்டோபரில் சிறுவர் தின வெள்ளி, அதே மாதத்தில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுத் தாள்களைத் திருத்தும் நாள்கள். 'வார நாள்தானே, யாருக்கும் தெரியாது' என்று தொடக்கப்பள்ளிப் பெற்றோர் எல்லாரும் ஒரே நேரத்தில் நினைக்கும் நாள்கள் இவை.

வெளிநாட்டு விடுமுறைகளும் நம்மைத் தொடும். அக்டோபர் முதல் வாரத்தில் சீனாவின் தேசிய தின விடுமுறை. மே மாதத்தில் இந்தியாவின் கோடை விடுமுறை. ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்குவதும் அப்போதுதான். அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் மாத இறுதியில் நம் பள்ளிகள் மூடுவதற்கு முன்பே, செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு நாளைப் பிடித்துவிடுங்கள்.

ஜோகூருக்குப் போகிறவர்கள் மலேசியப் பள்ளி விடுமுறையையும் பார்க்க வேண்டும். அங்கு மாநிலங்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து விடுமுறை விடுகிறார்கள். இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2014 முதல் ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார இறுதி நாள்களாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அங்கு வேலை நாள். நமக்கு ஓய்வு நாள். லெகோலாந்துக்கு ஞாயிறு போவது அப்போது நல்ல உத்தி. 2025 ஜனவரி 1 முதல் ஜோகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய உத்தியை நம்பி இனிப் போக வேண்டாம். தைப்பூசத்துக்கு இங்கு பொது விடுமுறை கிடையாது, ஜோகூரில் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுபவை: ஜனவரி நடுப்பகுதி முதல் சீனப் புத்தாண்டுக்கு முன்புவரை, புத்தாண்டுக் கூட்டம் ஓய்ந்தபின் மார்ச் விடுமுறை வரை, பெரிய வெள்ளி வார இறுதி நீங்கலாக ஏப்ரல், ஜூலை பிற்பகுதி முதல் தேசிய தினம் நீங்கலாக ஆகஸ்ட் வரை, செப்டம்பர் விடுமுறை முடிந்த அடுத்த வாரங்கள்.

மலேசியப் பூங்காக்களுக்கு இன்னொரு அமைதியான காலம் நோன்பு மாதம். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்கிறது. இப்போது ஆண்டின் முதல் மாதங்களில் வருகிறது. நோன்புப் பெருநாள் பிறந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும்.

வானம் என்ன சொல்கிறது?

இங்கே ஆண்டு முழுவதும் மழைதான் என்று சலித்துக்கொள்வோம். ஆனால் மழைக்கும் ஒரு நேர ஒழுங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி டிசம்பர், ஜனவரி மாதங்களில் வரும். சில நேரம் நாள் கணக்கில் விடாமல் தூறும். பிப்ரவரியில் மழை குறைந்துவிடும். சிங்கப்பூரில் சராசரியாக மிகக் குறைந்த மழை பெய்வது அந்த மாதத்தில்தான்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை வெயில் கொளுத்தும், பிற்பகலில் இடியுடன் கொட்டும். எனவே கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்து, திறந்தவெளி விளையாட்டுகளை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இதற்கு மாறாக, சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்காற்று மழை விடியற்காலையிலோ காலையிலோ அடித்துவிட்டு ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காலை ஏழு மணிக்கு மழையைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் வரக்கூடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மழையைவிட மின்னல்தான் பூங்காவை நிறுத்தும். மின்னல் அபாயம் என்றால் திறந்தவெளி ரோலர் கோஸ்டர்களும் நீர் விளையாட்டுகளும் நின்றுவிடும். வெறும் தூறல் நமக்கு உதவிதான். பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பூங்காவுக்குப் பூங்கா வேறு

2010 மார்ச்சில் திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டூடியோஸ் மழைக்கு ஓரளவு தாங்கும். நுழைவாயில் அருகே உள்ள தெருவுக்கு மேற்கூரை உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்றவை கட்டடத்துக்குள் இருக்கின்றன. எனவே ஜனவரித் தூறலில் ஒரு வார நாளை இங்கு தைரியமாகச் செலவிடலாம். செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை ஹாலோவீன் இரவுகள் நடக்கும். அந்த நாள்களில் பகல்நேரப் பூங்கா எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

2012 செப்டம்பரில் ஜோகூரில் திறந்த லெகோலாந்து இரண்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டியது. இங்கு நிழல் குறைவு. வெயில்தான் பெரிய சோதனை. மே மாத நண்பகலில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றுவது யாருக்கும் இன்பமாக இராது. பிப்ரவரிக் கடைசியில் போவதானாலும் காலை நேரத்தைப் பூங்காவுக்கும் மதியத்தை நீர்ப்பூங்காவுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

கெந்திங் ஸ்கைவர்ல்ட்ஸ் 2022 பிப்ரவரியில் திறந்தது. ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருப்பதால் வெயில் பயம் இல்லை. பனிமூட்டமும் திடீர் மழையும் உண்டு. குளிராடை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கு ஒரே நாளில் போய்வர முடியாது என்பதால் வார நாளில் இரண்டு இரவு தங்குவதுபோலத் திட்டமிட்டால், முதல் நாள் மழை கெடுத்தாலும் இரண்டாம் நாள் கைகொடுக்கும். பழைய ஈயச் சுரங்கத்தில் உருவான சன்வே லகூனில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல் இடிமழையைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கூட்டமில்லாத காலத்துக்கு ஒரு விலையும் உண்டு. பராமரிப்புக்காகச் சில விளையாட்டுகளை மூடுவது அப்போதுதான். சில பூங்காக்கள் வார நாள் ஒன்றில் முழுவதுமே திறக்காமல் போகலாம். பிள்ளை ஆசையோடு காத்திருக்கும் அந்த ஒரு விளையாட்டு அன்று இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

அளவுகோல் சொல்லும் கணக்கு

மாதத்தைப் பார்க்கிற நாம் வயதைப் பார்க்க மறந்துவிடுகிறோம். யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மம்மிக்கு 122. பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. மூன்று வயதுப் பிள்ளைக்கு அனுமதி இலவசம், எந்த வார நாளும் போகலாம். ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளை வெளியே நின்று வேடிக்கை பார்க்கத்தான் முடியும். எட்டு, ஒன்பது வயதில் உயரம் வந்துவிடும். அப்போது பள்ளியும் துணைப்பாட வகுப்பும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் நடுவே ஐந்து, ஆறு வயதில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பலரும் 102 சென்டிமீட்டரைத் தாண்டியிருப்பார்கள். தொடக்கநிலை 1 இன்னும் தொடங்கியிருக்காது. பாலர் பள்ளியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தால் பாடம் ஒன்றும் போய்விடாது. அந்த இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகுதான் பலருக்கு அவற்றின் அருமை தெரிகிறது. உங்கள் வீட்டில் அந்த வயதில் பிள்ளை இருந்தால், 'டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு வேறு வழி. பள்ளி நாளில் விடுப்பு போடச் சொல்ல மாட்டேன். நீண்ட விடுமுறையின் நடுவில், அலுவலகம் செல்வோர் விடுப்பு எடுக்கத் தயங்கும் ஒரு புதன் அல்லது வியாழனைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் கடைசி இரண்டு வாரங்களைத் தொடாதீர்கள். சேர்ந்து உட்கார வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாத பதின்ம வயதினருக்கு, தனியாகச் செல்வோருக்கான வரிசை உள்ள விளையாட்டுகளில் காத்திருப்பு பெரும்பாலும் குறையும்.

முதலில் சோர்பவர் யார்?

காலைப் பணி முடிந்து வார நாளில் ஓய்வு கிடைப்பது என் வேலையின் நல்ல பக்கம். ஒரு ஜனவரி மாதச் செவ்வாயன்று அம்மாவையும் அக்கா மகளையும் யுனிவர்சலுக்கு அழைத்துப் போனேன். காலையிலிருந்தே மேகமூட்டம், அவ்வப்போது தூறல். ஆறு வயதுக்காரி ஒரே விளையாட்டில் மூன்று முறை ஏறினாள். முழங்கால் வலியுள்ள அம்மா கூரைக்குக் கீழே உட்கார இடம் பிடித்து, போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்று சொன்னவர் அவர்தான். ஜூன் மாத வெயிலில், உட்கார இடமில்லாத கூட்டத்தில் அந்த வார்த்தை வந்திருக்காது.

ஆகவே, பூங்காவுக்கு நல்ல காலம் எது என்று என்னைக் கேட்டால், உங்கள் குடும்பத்தில் முதலில் சோர்பவர் யார் என்று திருப்பிக் கேட்பேன். பாட்டியோ கைக்குழந்தையோ என்றால் வெயில் குறைந்த ஜனவரி வார நாள். பொறுமை இல்லாத ஆறு வயதுப் பிள்ளை என்றால் வரிசை குறைந்த பிப்ரவரிக் கடைசி. விடுப்பு கிடைக்காத அப்பா என்றால், ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிறு, கதவு திறக்கும் நேரம். அவருக்கு ஏற்ற நாள்தான் எல்லாருக்கும் ஏற்ற நாள்.

இன்று மாலை குடும்பத்தோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். இரு நாட்டுப் பள்ளி விடுமுறைகளையும் நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிடுங்கள். பொது விடுமுறைகளை அடியுங்கள். மீதமுள்ள வார நாள்களில் இரண்டைத் தேர்ந்து, மழை பெய்தால் இரண்டாவது என்று முடிவு செய்யுங்கள். பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்து பென்சிலால் கோடு போடுங்கள். அதன்பிறகு அலுவலகத்தில் விடுப்புக்கு விண்ணப்பிக்கலாம்.