சிலை விழுந்த இரவு

2003 ஏப்ரல் 9 இரவு, பாக்தாத்தின் ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் சதாம் ஹுசைனின் சிலை சரிந்தபோது, தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த நாங்கள் கைதட்டினோம். படையெடுப்பை எதிர்த்துப் பேசியவர்கள்தாம் நாங்கள். ஆயினும் 1988இல் ஹலப்ஜாவில் நச்சுப்புகையால் குர்து மக்களைக் கொன்று குவித்த ஆட்சியின் சிலை அல்லவா? அதன் கழுத்தில் சங்கிலியிட்டு இழுத்தது அமெரிக்கப் படையின் வண்டி என்பது அன்று எங்களுக்கு உறுத்தவில்லை.

மறுநாளே தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஏறத்தாழ 15,000 பொருட்கள் களவுபோயின. உருக் நகரின் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கற்சாடி, ஜூன் மாதம் துண்டுகளாக ஒரு காரில் திரும்பி வந்தது. தேசிய நூலகம் எரிந்தது. எண்ணெய் அமைச்சகத்துக்கோ காவல் இருந்தது! மே 23 அன்று ஒரே ஆணையில் இராணுவம் கலைக்கப்பட, லட்சக்கணக்கானோர் பிழைப்பிழந்தனர். அவர்களுள் பலரிடம் ஆயுதம் இருந்தது.

எங்களைப் போன்ற வாசகர்களுக்கு பாக்தாத் என்றால் அல்-முத்தனப்பி தெருதான். பத்தாம் நூற்றாண்டுக் கவிஞனின் பெயர் தாங்கிய புத்தகக் கடைத்தெரு. சதாம் காலத்தில் தடைசெய்யப்பட்ட நூல்கள் அங்கே நகலெடுக்கப்பட்டு ரகசியமாகக் கைமாறின. சர்வாதிகாரத்தைத் தாங்கிய அத்தெருவில் 2007 மார்ச் 5 அன்று கார் குண்டு வெடித்தது. அங்கிருந்த ஷாபந்தர் தேநீரகத்தின் உரிமையாளருடைய நான்கு மகன்களும் ஒரு பேரனும் மாண்டனர். தேநீரகத்தை அவர் மீண்டும் திறந்தார். சுவரில் அவர்களுடைய படங்கள்.

சதாம் வீழ்ந்ததில் எங்களுக்கு இன்றும் வருத்தமில்லை. கைதட்டியதைப் பற்றித்தான் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.