பேப்பரில் வரைந்த ஃபில்டர்

ஆர்டர் தேடும் திரையில் யார் எதைக் கேட்பார்கள் என்று சொல்லவே முடியாது. ஒருவருக்கு வாடிக்கையாளரின் ஊர் வேண்டும். இன்னொருவருக்கு ஊரோடு தொகையும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இஃப் போட்டுக்கொண்டே போனால் விடிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கைக்கு வந்தது அந்தத் திரைதான். லீட் அண்ணா கீபோர்டைத் தொடவிடவில்லை. "பேப்பரை எடுப்பா. கஸ்டமர், புள்ளி, அட்ரஸ், புள்ளி, சிட்டி. இதை மரமா வரை."

அவர் சொன்ன மரம் எக்ஸ்பிரஷன் ட்ரீ. சி ஷார்ப் 3.0 பதிப்பில், 2007-இல், லிங்க் (LINQ) வந்தபோதே அதுவும் கூட வந்தது. சாதாரண லாம்ப்டா ஓடுகிற கோட். எக்ஸ்பிரஷன் ட்ரீயோ, அந்தக் கோட் என்ன சொல்கிறது என்பதை முனை முனையாகப் பிரித்து வைத்திருக்கும் தரவு. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் (ஈஎஃப் கோர்) அதைப் படித்துத்தான் எஸ்கியூஎல் எழுதுகிறது. வடிகட்டுவது டேட்டாபேஸின் பாடு. எப்படி என்று எழுதிக்கொடுப்பதே நம் வேலை.

பேப்பரில் இருந்தது அப்படியே கோடானது. அடியில் ஆர்டரைக் குறிக்கும் பாராமீட்டர். கஸ்டமர்.அட்ரஸ்.சிட்டி என்ற பாதையைப் புள்ளியில் ஸ்ப்ளிட் செய்து, துண்டுக்கு ஒருமுறை எக்ஸ்பிரஷன்.ப்ராப்பர்ட்டியை அழைக்க வேண்டும். ஒரு சுற்றில் கிடைத்ததன் மேல்தான் அடுத்த சுற்று ஏறும். கடைசியில் சிட்டி. அதை 'மதுரை'யோடு ஈக்குவலால் இணைத்து லாம்ப்டா ஆக்கினால் முடிந்தது. வழியில் லிஸ்ட் வந்தால் மட்டும் புள்ளி நகராது. அங்கே எனி மெத்தட், அதற்குள் இன்னொரு பாராமீட்டர், இன்னொரு லாம்ப்டா.

இரண்டு நிபந்தனைகளை ஆண்ட்அல்சோவால் சேர்க்கும் இடம் குசும்பு பிடித்தது. இரண்டிலும் பாராமீட்டர் பெயர் எக்ஸ்தான். ஆனாலும் எக்ஸ் எங்கிருந்து வந்தது என்று எரர் வரும். "ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா ஒரே ஆளாயிடுவாங்களா?" என்றார் அண்ணா. ஒரே பாராமீட்டர் ஆப்ஜெக்டை இரண்டு பக்கமும் பயன்படுத்த வேண்டும். இல்லையேல் ஒரு விசிட்டர் எழுதி, ஒன்றின் பாராமீட்டரை மற்றதன் பாராமீட்டராக மாற்ற வேண்டும்.

அவர் அதிக நேரம் உட்கார்ந்தது எஸ்கியூஎல் லாகுக்கு முன்னால்தான். மதிப்பை வெறும் கான்ஸ்டன்ட்டாகக் கொடுத்தால் 'மதுரை' வினவலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு போகிறது. ஊர் 'சேலம்' ஆனால் ஈஎஃப் கோருக்கு அது புது வினவல்: மறுபடி மொழிபெயர்ப்பு, டேட்டாபேஸிலும் புது பிளான். மதிப்பை ஒரு சின்ன ஆப்ஜெக்டுக்குள் வைத்து, அதன் ப்ராப்பர்ட்டியைச் சுட்டிக்காட்டியதும் அதே இடத்தில் @ குறியோடு ஒரு பாராமீட்டர் நின்றது. இனி எந்த ஊர் வந்தாலும் வினவல் ஒன்றே. ஃபில்டர் வேலை செய்கிறது என்று கைகழுவுகிறவர்கள் இந்த லாகைத் திறப்பதே இல்லை.

பாதையை பிரவுசர் அனுப்புகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கஸ்டமர்.யூசர்.பாஸ்வேர்ட்ஹாஷ் என்று அனுப்பி, இந்த எழுத்தில் தொடங்குகிறதா என்று கேட்டுக் கேட்டே ஒருவர் முழுதையும் உருவிவிடலாம். அந்தப் புலம் ரிசல்ட்டில் தெரியவே வேண்டாம். ஆகவே அனுமதித்த பாதைகளுக்கு ஒரு டிக்‌ஷனரி வைத்தோம். அதில் இல்லாதது வந்தால் மரம் கட்டும் முன்பே 400 எரர் திரும்பிப் போகும்.